சோதனைச்சாலைப் பதிவேடுகள் கூறும் செய்தி



உடல்நலம் குன்றியவுடன் மருத்துவரிடம் செல்லுகிறோம். அவர் நாடியைப் பார்த்துவிட்டு, இரத்தத்தைப் பரிசோதித்து வரும்படி ஒரு சீட்டை எழுதித் தருகிறார். மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு சோதனைச்சாலைக்குச் சென்று இரத்தம் கொடுக்கிறோம். மாலையில் ஒரு தாள் நம் கைக்கு வருகிறது. அதில் சில பெயர்களும், அவற்றுக்கு எதிரே சில எண்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. மருத்துவர் அந்த எண்களைப் பார்த்து மருந்து எழுதுகிறார். அத்துடன் அந்தத் தாளின் வேலை முடிந்துவிட்டது என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகிறோம்.

தாளின் வேலை முடிந்திருக்கலாம்; எண்ணின் வேலை முடிவதில்லை. அது சோதனைச்சாலையின் பதிவேட்டில் தங்கிவிடுகிறது. முன்பு கனத்த புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். இப்பொழுது கணிப்பொறியில் சேமித்து வைக்கிறார்கள். ஒரு மனிதரின் ஒரு நாளைய எண் அவருக்கு மட்டுமே பயன்படும். ஆனால் ஓர் ஊரிலுள்ள பல்லாயிரம் மக்களின் எண்களைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாக அடுக்கிப் பார்த்தால், அந்த ஊரின் உடல்நிலையே அதில் தெரியவரும். இவ்வாறு சேர்ந்து கிடக்கும் பரிசோதனை முடிவுகளைச் சுகாதார ஆராய்ச்சிக்கு எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதில் என்ன நன்மை, என்ன இடர், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன தொடர்பு என்பவற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது என் தொழில். ஆயினும் இந்தப் பொருளில் மொழிபெயர்ப்பாளனுக்கும் சற்றுப் பங்கு உண்டு என்பது போகப் போக விளங்கும்.

மருத்துவ ஆராய்ச்சியைப் பொதுவாக இருவகையாகச் செய்யலாம். முதல் வகையில், ஆராய்ச்சியாளர் ஒரு கேள்வியை மனத்திற் கொண்டு, அதற்கென்றே மக்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் புதிதாகப் பரிசோதித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார். இதற்குப் பெரும் பொருளும் நீண்ட காலமும் தேவை. இரண்டாம் வகையில், வேறு காரணத்துக்காக ஏற்கெனவே செய்து முடித்துப் பதிந்து வைத்திருக்கும் பரிசோதனைகளையே எடுத்து ஆராய்கிறார். செலவு குறைவு, எண்ணிக்கையோ மிக அதிகம். ஆனால் அந்த எண்கள் இவருடைய கேள்விக்கு விடையளிப்பதற்காகப் பிறந்தவை அல்ல. யாரோ ஒரு நோயாளியைக் குணப்படுத்துவதற்காகப் பிறந்தவை. இந்த வேற்றுமையை மறக்காதிருந்தால் பதிவேடு பெரிய செல்வமாகும். மறந்தால் அதுவே நம்மை வழிதவறச் செய்யும்.

இந்தத் துறையில் பலரும் முதலில் எடுத்துக்காட்டும் நாடு டென்மார்க். ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழும் சிறு நாடு அது. அங்கே 1968-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வழங்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும். பிறப்பு முதல் இறப்பு வரை மருத்துவமனை, மருந்துக்கடை, சோதனைச்சாலை எங்கே சென்றாலும் அதே எண்தான். அந்நாட்டின் வடக்கிலும் நடுவிலும் உள்ள இரண்டு வட்டாரங்களில், ஏறத்தாழ 18 இலட்சம் மக்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து, ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். பின்னர் ஆராய்ச்சிக்கென்றே நாடளாவிய பதிவேடு ஒன்றும் ஏற்பட்டது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். கடுமையான நோயோடு மருத்துவமனைக்கு வரும் ஒருவரின் கிரியாட்டினின் அதிகமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இந்த நோயினால் திடீரென ஏறியதா, அல்லது சிறுநீரகம் பல ஆண்டுகளாகவே பழுதுபட்டிருந்ததா? அன்றைய எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொல்ல இயலாது. சென்ற ஆண்டின் எண் பதிவேட்டில் இருந்தால் உடனே சொல்லிவிடலாம். இவ்வாறு நோய்க்கு முந்திய அளவோடு ஒப்பிட்டு, தீவிர சிகிச்சை பெற்றவர்களின் சிறுநீரகத்துக்கு என்ன நேர்ந்தது, பின்னர் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பவற்றை டென்மார்க்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளியே மறந்துபோன ஒரு பழைய பரிசோதனை, பின்னால் வரும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு உதவுகிறது.

பதிவேட்டின் அருமையை இதைவிட உருக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மிஷிகன் மாநிலத்தில் பிளிண்ட் என்று ஒரு நகரம். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊர். மோட்டார்த் தொழில் செழித்து, பிறகு நலிந்துபோன ஊர். கறுப்பின மக்களும் ஏழைகளும் மிகுந்த ஊர். செலவைக் குறைப்பதற்காக 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்நகரின் குடிநீரை மாற்றினார்கள். அதுவரை டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஏரி நீருக்குப் பதிலாகப் பிளிண்ட் ஆற்று நீரை விநியோகிக்கத் தொடங்கினார்கள். குழாய்கள் அரிக்கப்படாமல் காக்கும் மருந்தை அந்த நீரில் சேர்க்கவில்லை. ஊரின் பழைய குழாய்களிற் பல ஈயத்தால் ஆனவை. நீர் குழாயை அரித்தது. ஈயம் நீரிற் கலந்தது. நீரின் நிறமும் மணமும் கெட்டுவிட்டன என்று மக்கள் முறையிட்டார்கள். அந்த நீர் எந்திர உறுப்புகளை அரிக்கிறது என்று கண்டு, அவ்வூர் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று அதே ஆண்டு அக்டோபர் மாதமே அதை உபயோகிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் குழந்தைகள் தொடர்ந்து அதைக் குடித்து வந்தார்கள். நீர் நல்ல நீர்தான் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஈயம் குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. வளரும் மூளையை அது தாக்குகிறது. அறிவுத்திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. அதனால் விளையும் கேடு பின்னர் முழுவதும் நீங்குவதில்லை. குழந்தைக்குத் தீங்கற்றது என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று இருப்பதாக இதுவரை கண்டறியப்படவில்லை. இக்காரணத்தால் அமெரிக்காவில் அரசாங்க மருத்துவ உதவி பெறும் குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான பரிசோதனையாக உள்ளது. பிளிண்ட் குழந்தைகளுக்கும் அந்தப் பரிசோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. முடிவுகளும் பதிவேட்டில் ஏறிக்கொண்டுதான் இருந்தன. எடுத்துப் பார்ப்பார்தாம் இல்லை.

எடுத்துப் பார்த்தவர் அவ்வூர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர், டாக்டர் மோனா ஹன்னா-அட்டீஷா என்னும் பெண்மணி. வர்ஜீனியாவிலிருந்து வந்த பொறியியல் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவினரும் வீட்டுக் குழாய் நீரில் ஈயம் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அந்த ஈயம் குழந்தைகளின் இரத்தத்தை அடைந்ததா என்பதே மிச்சமிருந்த கேள்வி. தம் மருத்துவமனையின் சோதனைச்சாலைப் பதிவுகளை அவர் எடுத்தார். நீர் மாறுவதற்கு முந்திய 2013-ஆம் ஆண்டின் ஜனவரி முதல் செப்டம்பர் நடுவரையிலான முடிவுகளையும், நீர் மாறிய பிறகு 2015-ஆம் ஆண்டின் அதே மாதங்களுக்குரிய முடிவுகளையும் ஒப்பிட்டார். அதே மாதங்களை எடுத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கோடைக்காலத்தில் இயல்பாகவே சற்று ஏறும். குளிர்காலத்தைக் கோடையோடு ஒப்பிட்டால், நீரினால் வந்த உயர்வு எது, பருவத்தினால் வந்த உயர்வு எது என்று பிரித்தறிய முடியாது.

முடிவு என்ன? ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் ஈயம் கொண்டிருந்த குழந்தைகள், ஐந்து வயதுக்குட்பட்டோரில், முன்பு நூற்றுக்கு 2.4, பின்பு 4.9. நீரில் ஈயம் மிகுந்திருந்த பேட்டைகளில் மட்டும் பார்த்தால், நூற்றுக்கு 4.0 என்பது 10.6 ஆகியிருந்தது. நகருக்கு வெளியே, நீர் மாறாத பகுதிகளில், இத்தகைய தெளிவான மாற்றம் இல்லை.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர் இதை வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் இதை மறுத்தார்கள். தங்களிடமுள்ள கணக்கு வேறுவிதமாக இருக்கிறது என்றார்கள். இந்த இடம் நாம் சற்று நின்று கவனிக்கத் தக்கது. அம்மாநிலச் சட்டப்படி எல்லாச் சோதனைச்சாலைகளும் ஈயப் பரிசோதனை முடிவுகளை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே டாக்டர் மோனாவிடம் இருந்ததைவிடப் பெரிய பதிவேடு அரசாங்கத்திடம் இருந்தது. அதை ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டுக் கோடையில் ஈயத்தின் அளவு வழக்கத்துக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்று துறைக்குள்ளேயே ஒருவர் குறிப்பும் எழுதியிருந்தார். அது பருவகாலத்து ஏற்றம்தான் என்று மேலே இருந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. அவர்கள் ஊரை அஞ்சல் வட்டாரங்களைக் கொண்டு பிரித்துக் கணக்கிட்டார்கள். பிளிண்ட் என்று அஞ்சல் முகவரி கொண்ட வீடுகள் எல்லாம் பிளிண்ட் நகரின் நீரைக் குடிப்பவை அல்ல. நகர எல்லைக்கு வெளியே வேறு நீர் குடித்த குழந்தைகளும் அந்தக் கணக்கிற் கலந்துவிட்டதனால், உயர்வு நீர்த்துப் போய்விட்டது. டாக்டர் மோனாவின் குழுவினரோ ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வரைபடத்தில் குறித்து, எந்த வீட்டுக்கு எந்த நீர் சென்றது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூலமான எண்கள் ஒரே வகையானவைதாம். பிரித்த முறையினால் உண்மை ஓரிடத்தில் மறைந்தது, மற்றோரிடத்தில் வெளிப்பட்டது. சில நாட்களில் அரசாங்கமும் உண்மையை ஒப்புக்கொண்டது. அக்டோபர் 16-ஆம் தேதி பழைய நீர் திரும்ப விடப்பட்டது.

பின்னர் 2006 முதல் 2016 வரையிலான நீண்ட கணக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள், அந்தப் பத்தாண்டுகளில் பிளிண்ட் குழந்தைகளின் சராசரி ஈய அளவு மொத்தத்தில் பாதியாகக் குறைந்து வந்திருப்பதையும், அந்த இறக்கத்தின் நடுவே 2014, 2015-இல் ஓர் ஏற்றம் இருப்பதையும் கண்டார்கள். இரண்டும் உண்மையே. நீண்ட கணக்கு ஆறுதல் தருகிறது என்பதற்காகக் குறுகிய காலத்தில் நேர்ந்த தீங்கை யாரும் மன்னித்துவிட முடியாது. குறுகிய கால ஏற்றத்தைக் கண்டு நீண்ட வரலாற்றை மறந்துவிடவும் கூடாது. இவ்வாறு இரு பக்கமும் பார்ப்பதற்கு ஆண்டுகள் தோறும் விடாமல் எழுதி வந்த பதிவேடு ஒன்றுதான் இடம் தருகிறது.

இனி இடர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இடர், யார் பரிசோதிக்கப்படுகிறார்கள் என்பது. உடல்நலம் உள்ளவர் சோதனைச்சாலைக்குப் போவதில்லை. மருத்துவருக்கு ஐயம் எழுந்தால்தான் பரிசோதனை. ஆகவே பதிவேட்டில் இருப்பவர்கள் ஊர் மக்களின் பிரதிநிதிகள் அல்லர். இதை மிக நுட்பமாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. பாஸ்டன் நகரின் இரு மருத்துவமனைகளைச் சேர்ந்த 6,69,452 நோயாளிகளின் பதிவுகளில், 272 வகைப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் முழு விவரம் கிடைத்த 174 பரிசோதனைகளில் 118-ல், முடிவு என்ன என்பதைவிட, பரிசோதனை எப்பொழுது செய்யப்பட்டது என்பதே நோயாளி பிழைத்திருப்பாரா என்பதைச் சரியாக முன்னறிவித்தது. கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் ஒருவரின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்றால், அவருடைய நிலைமை கவலைக்கிடம் என்று மருத்துவர் கருதியிருக்கிறார். முடிவு நன்றாக வந்தாலும் அந்தக் கவலைக்கு இடம் இருந்தது. ஆகப் பதிவேடு நோயாளியின் உடலை மட்டும் காட்டவில்லை. மருத்துவரின் மனத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இதை உணராத ஆராய்ச்சியாளர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் இடர் மொழியைப் பற்றியது. எண்ணுக்கு மொழி ஏது என்று கேட்பீர்கள். உண்டு. நம் நாட்டில் கிரியாட்டினின் 1 என்று எழுதினால், ஒரு டெசிலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்று பொருள். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதே அளவை 88.4 என்று எழுதுவார்கள்; அங்கே அலகு வேறு. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 என்று இங்கே எழுதுவதை அங்கே 7 என்று எழுதுவார்கள். அலகை எழுதாமல் எண்ணை மட்டும் பதிந்தால், நலமுள்ளவர் நோயாளியாகவும், நோயாளி நலமுள்ளவராகவும் தோன்றுவார்கள். பரிசோதனையின் பெயரும் அப்படித்தான். ஒரே பரிசோதனையைச் சோதனைச்சாலைக்கு ஒரு பெயரால் அழைக்கிறார்கள்; ஒரே பெயரால் வெவ்வேறு முறைகளைக் குறிப்பதும் உண்டு.

இக்குறையைத் தீர்க்க அகராதி வேண்டும். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிலையம் அத்தகைய ஓர் அகராதியைத் தொடங்கியது. லாயிங்க் என்று அதை அழைக்கிறார்கள். எந்தப் பொருள், எதில் அளந்தது, எந்த முறையில் அளந்தது, எந்த அளவுகோலில் எழுதியது என்பவற்றையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு குறியெண் அது தருகிறது. டென்மார்க் முதலிய நாடுகளில் வேறோர் அகராதி வழங்குகிறது. 2016-ஆம் ஆண்டு நம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட மின்பதிவு நியதிகளில் லாயிங்க் குறியெண்கள் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை வரையறுத்து எல்லாரும் அதையே கையாளுவது எவ்வளவு கடினம் என்பதை, கலைச்சொற் பட்டியல்களோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்றவர்கள் நன்கு அறிவோம். அகராதியை வெளியிடுவது எளிது; ஒவ்வொரு சிறு சோதனைச்சாலையும் அதைக் கையாளச் செய்வதுதான் அரிது.

மூன்றாம் இடர் ஆளை அடையாளம் காண்பது. இது நம்மவர்களுக்கு மிக நெருங்கியது. தமிழ்நாட்டில் நம் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரெழுத்து நிற்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று பலருக்கு இல்லை. வடக்கே வந்தால், படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். எஸ். இராமநாதன் என்பவர் ஓர் இடத்தில் இராமநாதன் சுப்பிரமணியன். மற்றோரிடத்தில் சுப்பிரமணியன் இராமநாதன். மூன்றாம் இடத்தில் எழுதுபவர் காதில் விழுந்தபடி ராம்நாத். திருமணத்திற்குப் பிறகு பெண்களின் பெயரில் தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வரும். அல்லது கணவரின் பெயரே குடும்பப் பெயராகி நிற்கும். பதிவேட்டுக்கு இவர்கள் மூவர் அல்லது நால்வர். டென்மார்க்கில் பத்திலக்க எண் செய்யும் வேலையை இங்கே பெயர் செய்ய வேண்டியிருக்கிறது. நம் பெயரோ மாநில எல்லையைத் தாண்டும்போதெல்லாம் உருமாறுகிறது.

அத்துடன் நாம் இடம் பெயர்ந்துகொண்டே இருப்பவர்கள். தாராவியிலோ மாதுங்காவிலோ கரோல்பாகிலோ வாழும் ஒருவர், சர்க்கரை நோய்க்கு அங்கே பரிசோதனை செய்துகொள்கிறார். விடுமுறைக்குத் திருநெல்வேலி சென்றபோது உடல் மோசமாகி, அங்கே மற்றொரு பரிசோதனை. ஓய்வு பெற்றுக் கோயமுத்தூரிற் குடியேறிய பிறகு வேறொன்று. இந்த மூன்று பதிவுகளும் ஒன்றையொன்று அறியா. மும்பைப் பதிவேட்டின் கணக்கில் அவர் பாதியில் காணாமற் போனவர். கோயமுத்தூர்ப் பதிவேட்டில் திடீரென முற்றிய நோயோடு தோன்றியவர். வெளிமாநிலத்தில் கட்டட வேலைக்குச் செல்லும் தொழிலாளர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே இருக்கக்கூடும். பதிவேட்டைக் கொண்டு ஆராய்ச்சி, ஆராய்ச்சியைக் கொண்டு திட்டம், திட்டத்தைக் கொண்டு மருத்துவ வசதி என்று வரிசை அமைந்தால், முதற்படியில் இல்லாதவருக்குக் கடைசிப் படியிலும் இடம் இராது.

நம் நாட்டில் சோதனைச்சாலை முடிவுகளை நாடு முழுவதற்கும் ஒருங்கே சேர்த்துப் பார்த்த பெரிய நிகழ்ச்சி, 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் நடந்தது. எல்லாச் சோதனைச்சாலைகளும் தம் முடிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொதுப் பதிவில் ஏற்றின. அவ்வாண்டு ஜனவரி 22 முதல் ஏப்ரல் 30 வரையிலான முடிவுகளைக் கழகத்தினர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் 10,21,518 பேர். நோய் கண்டவர்கள் 40,184 பேர். அதாவது நூற்றுக்கு 3.9. நோயாளியோடு பழகியவர்களிடையே இந்த விகிதம் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நோயாளிகளோடு தொடர்பு கொண்ட 5,75,071 பேரின் பரிசோதனை விவரங்களை ஆராய்ந்த மற்றொரு கட்டுரையும் அதே ஆண்டு வெளிவந்தது. நோயுற்றவர்களிற் பத்தில் ஏழு பேரிடமிருந்து, பரிசோதிக்கப்பட்ட தொடர்பினர் யாருக்கும் நோய் பரவியதாகத் தெரியவில்லை என்றும், மிகச் சிலரிடமிருந்தே பலருக்குப் பரவியது என்றும் அது காட்டியது. இதுபோன்ற செய்தியைப் பதிவேடுகள் இன்றி அறிந்திருக்க முடியாது.

ஆயினும் பதிவேட்டின் எல்லையையும் அந்த ஆண்டே காட்டிவிட்டது. 2020 மே, ஜூன் மாதங்களில், 21 மாநிலங்களைச் சேர்ந்த 70 மாவட்டங்களில், பொது மக்களிலிருந்து 28,000 பேரைத் தேர்ந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தினர் இதில் முதன்மையான பங்கு கொண்டனர். வயது வந்தோரில் நூற்றுக்கு 0.73 பேருக்கு நோய் ஏற்கெனவே வந்துபோயிருந்தது என்று தெரிந்தது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 65 இலட்சம் பேர். பதிவேட்டில் ஒருவர் இருந்தால், பதிவேட்டுக்கு வெளியே 80 முதல் 130 பேர் வரை இருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். பதிவேடு பொய் சொல்லவில்லை. சோதனைச்சாலைக்கு வந்தவர்களைப் பற்றி அது உண்மையே சொன்னது. வராதவர்களைப் பற்றி அறிய, ஆராய்ச்சியாளர் வீடு தேடிப் போக வேண்டியிருந்தது. முதலில் நான் சொன்ன இருவகை ஆராய்ச்சிகளும் ஒன்றுக்கொன்று துணை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. என் இரத்தத்தைப் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம்? அது வெளியே தெரிந்தால் வேலைக்கோ, மகளின் திருமணத்துக்கோ, காப்புறுதிக்கோ கேடு வருமா? இவை நியாயமான கேள்விகள். ஆராய்ச்சிக்குத் தரும்போது பெயரையும் முகவரியையும் நீக்கித்தான் தருகிறார்கள். ஆனால் சிற்றூர் ஒன்றில் அரிய நோய் கொண்டவர் ஒருவரே இருந்தால், பெயரை நீக்கினாலும் அவர் யார் என்பது விளங்கிவிடும். பதிவேடுகளில் கைதேர்ந்த டென்மார்க்கிலேயே, குடும்ப மருத்துவர்களிடமிருந்து நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய ஒரு தொகுப்பு சட்ட ஆதாரமின்றி வளர்ந்துவிட்டது என்று 2014-இல் தெரியவந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். முடிவில் அந்தத் தொகுப்பையே அழித்துவிட வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் சேர்த்த அறிவு, மக்களைக் கேளாமற் சேர்த்த குற்றத்தினால் அழிந்தது. நம்பிக்கையை இழந்த பதிவேடு நிலைக்காது என்பதே அதன் பாடம்.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மருத்துவப் பதிவுகளை இணைக்கும் தேசியத் திட்டம் நாடளாவிய அளவில் தொடங்கப்பட்டது. அதன்படி விரும்புபவர்கள் பதினான்கு இலக்க எண் ஒன்றைப் பெற்று, எந்த மாநிலத்துப் பரிசோதனையையும் அதனோடு இணைத்துக்கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டில் தனியார் விவரங்களைக் காக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அச்சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் அவ்விவரங்களைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று வரம்பும் கட்டுகிறது. 2017-ஆம் ஆண்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஒழுக்க நெறிகளும், நெறிக்குழுவின் ஆய்வையும் மக்களின் சம்மதத்தையும் வற்புறுத்துகின்றன.

சம்மதம் என்பது கையெழுத்து மட்டும் அன்று. படித்துப் பொருளுணர்ந்து இடும் கையெழுத்தே சம்மதம். அகமதாபாதில் வேலை செய்யும் தமிழ்த் தாய் ஒருத்திக்குக் குஜராத்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளைக் கொடுத்து ஒப்பமிடச் சொன்னால், அது சட்டத்துக்குப் போதுமானதாகத் தோன்றலாம், அறத்துக்குப் போதாது. இந்தச் செய்தி எதற்காகச் சேர்க்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் சிகிச்சை நிற்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அவளுடைய மொழியில் விடை இருக்க வேண்டும். அப்படி எழுதுவது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் கடமை. அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

வெளிமாநிலத்தில் வாழும் நண்பர்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. எல்லா ஊரிலும் எல்லாத் தாளிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். முன்னெழுத்தை விரித்து எழுதுவதானால் எங்கும் அவ்வாறே விரித்து எழுதுங்கள். பரிசோதனைத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். தேதியும் அலகும் சோதனைச்சாலையின் பெயரும் தெரியும்படி வரிசையாகக் கட்டி வையுங்கள். புதிய ஊரில் புதிய மருத்துவரிடம் சென்றால் பழைய தாள்களையும் கொண்டு செல்லுங்கள். பெரிய பதிவேடுகள் இணையும் காலம் வரையில், உங்கள் பெட்டியில் இருக்கும் அந்தக் கட்டே உங்களைப் பற்றிய முழுமையான பதிவேடு. ஆராய்ச்சிக்கு விவரம் கேட்டால் காரணத்தைக் கேளுங்கள். காரணம் நல்லதாயிருந்தால் மறுக்காதீர்கள். பிளிண்ட் நகரத்துத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லாமல் இருந்திருந்தால், டாக்டர் மோனா எடுத்துப் பார்ப்பதற்குப் பதிவேட்டில் ஒன்றும் இருந்திராது. அந்த நீர் இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்குமோ யார் கண்டார்?